தாமஸ் கிண்ணம் போல மாரத்தானுக்கும் குழுப் போட்டி உண்டா?

பினாங்குப் பாலம் மாரத்தானை ஓடி முடித்த ஒரு நண்பர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கேட்டிருக்கிறார். பூப்பந்தில் தாமஸ் கிண்ணம் இருப்பதுபோல மாரத்தானில் நாட்டுக்கு நாடு மோதும் குழுப் போட்டி உண்டா? ஒலிம்பிக்கில் ஏன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை? வயது 41 ஆன தனக்கும், கூட ஓடும் மூன்று நண்பர்களுக்கும் அதில் நுழைய ஏதாவது வழி இருக்கிறதா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஆளாளுக்குத் தனியாக ஓடி முடிக்கிற 42.195 கிலோமீட்டரில் ‘இந்தக் குழு வென்றது’ என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை சுலபம்.

என்னைப் பற்றி ஒரு வரி. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தபோது குறுக்கோட்டக் (மேடு பள்ளம், புல்வெளி வழியாக ஓடும் நெடுந்தூர ஓட்டம்) குழுக்களைத் தயார் செய்தவன். அப்புறம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சாலை ஓட்டங்களில் முடிவுக்கோட்டு அதிகாரியாக, முடிவுப் பட்டியலைச் சரிபார்ப்பவனாக இருந்து வருகிறேன். ஆகவே விதிமுறை, புள்ளிக் கணக்கு, பழைய முடிவுகள் ஆகியவற்றை உறுதியாகச் சொல்வேன். உலகத் தரத்தில் ஓடும் ஒருவரைக்கூட நான் பயிற்றுவித்ததில்லை. அந்த மட்டத்து உத்திகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் முடிவுப் பட்டியல்களைப் படித்து நானாக வந்த கருத்து. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரான பதில்: உண்டு, அதாவது இருந்தது. உலகத் திடல்தட (தடகள) அமைப்பு 1985-இல் உலக மாரத்தான் கிண்ணம் என்ற போட்டியை ஹிரோஷிமாவில் தொடங்கியது. அதன்பின் 1987 சியோல், 1989 மிலான், 1991 லண்டன், 1993 சான் செபாஸ்டியன், 1995 ஏதென்ஸ் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1997-இலிருந்து அதைத் தனியாக நடத்தாமல் உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டியின் மாரத்தானுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஒரே ஓட்டம், இரண்டு கணக்கு: தனிநபர் பதக்கம் ஒரு பக்கம், நாட்டுக் கிண்ணம் இன்னொரு பக்கம். ஒரு நாடு ஐந்து பேர் வரை இறக்கலாம். அவர்களில் வேகமாக முடிக்கும் மூன்று பேரின் நேரத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அதற்கே கிண்ணம். இப்போது அந்தக் கிண்ணம் இல்லை. உலகப் போட்டி மாரத்தானில் நாட்டுக்கு மூன்று பேர்தான் என்று சுருங்கிவிட்டது. நடப்பு வெற்றியாளர் போன்றவர்களுக்குக் கிடைக்கும் தனி அனுமதியால் சில நாடுகளுக்கு நான்காவது ஆள் சேர்வதுண்டு.

அந்த முதல் கிண்ணத்தை வென்ற நாடு எது என்று கேட்டால் பலரும் கென்யா, எத்தியோப்பியா, ஜப்பான் என்றுதான் சொல்வார்கள். வென்றது ஜிபூத்தி. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், செங்கடல் வாயிலில் இருக்கும் குட்டி நாடு. 1977-இல்தான் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அன்று அதன் மொத்த மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்த நாட்டின் அகமது சாலா ஹிரோஷிமாவில் 2 மணி 8 நிமிடம் 9 வினாடியில் முதலாவதாக வந்தார். சொந்த மண்ணில் ஓடிய ஜப்பானின் தக்கேயுக்கி நக்கயாமா 6 வினாடி பின்னால் இரண்டாவது. மூன்றாவதாக மீண்டும் ஒரு ஜிபூத்திக்காரர், ஜாமா ரோப்லே, 2 மணி 8 நிமிடம் 26 வினாடி. இதோடு கதை முடிந்திருந்தால் இரண்டு நல்ல ஓட்டக்காரர்கள் உள்ள நாடு என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களின் மூன்றாவது ஆள், சார்மார்க்கே அப்தில்லாஹி, 2 மணி 10 நிமிடத்தைச் சற்றே தாண்டி வந்து சேர்ந்தார். கிண்ணத்தைக் கொடுத்தது அவருடைய கால். ஜப்பானிடம் நல்ல ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. அப்படியும் அவர்கள் ஊரிலேயே அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். சாலா 1987 சியோலிலும் தனிநபராக வென்றார். 1988 ஒலிம்பிக்கில் அதே சியோலில் வெண்கலம் பெற்றார். ஜிபூத்தி இதுவரை பெற்ற ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுதான். ஆனாலும் குழுக் கிண்ணத்தைப் பொறுத்தவரை நான் மாணவர்களிடம் சொன்னதெல்லாம் அந்த மூன்றாவது ஆளின் கதையைத்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். மலேசியப் பள்ளியில் படித்தவர்களுக்குக் குறுக்கோட்டம் நினைவிருக்கும். அங்கே நேரத்தைக் கூட்டுவதில்லை. வந்து சேர்ந்த இடத்தைக் கூட்டுவோம். முதலில் வந்தவனுக்கு 1, பத்தாவது வந்தவனுக்கு 10. கையில் ஒரு எண் அட்டையைத் திணித்து வரிசையில் நிற்க வைப்பார்களே, அதுதான். கூட்டுத்தொகை குறைந்த பள்ளி வெல்லும். உலகக் குறுக்கோட்டப் போட்டியிலும் அடிப்படை இதேதான்: குழுவில் முதல் நான்கு பேரின் இடங்கள் கூட்டப்படும், இரு குழுக்கள் சமமாக வந்தால் யாருடைய கடைசிப் புள்ளிக்காரர் முன்னால் வந்தாரோ அந்தக் குழுவுக்கு வெற்றி. மாரத்தானில் கூட்டுவது நேரத்தை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அ என்ற குழுவின் மூன்று பேர் 2 மணி 10 நிமிடம், 2 மணி 11, 2 மணி 31-இல் வருகிறார்கள். ஆ என்ற குழு 2 மணி 16, 2 மணி 17, 2 மணி 18. வேறு யாரும் இடையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இடக் கணக்கில் அ குழுவுக்கு 1, 2, 6 சேர்ந்து 9 புள்ளி. ஆ குழுவுக்கு 3, 4, 5 சேர்ந்து 12. அ வென்றது. நேரக் கணக்கில் அ குழுவுக்கு 6 மணி 52 நிமிடம், ஆ குழுவுக்கு 6 மணி 51. ஆ வென்றது. ஒரே ஓட்டம், அதே ஆறு பேர், ஆனால் கோப்பை வேறு வேறு கைக்குப் போகிறது. இடக் கணக்கில் கடைசி ஆளின் பின்னடைவுக்கு ஒரு வரம்பு உண்டு: அவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் நடுவே எவ்வளவு நேர இடைவெளி விழுந்தாலும் யாரும் இடையில் புகாதவரை ஒரு புள்ளிதான் போகும். நேரக் கணக்கில் அந்த இடைவெளி முழுவதும் குழுவின் தலையில் விழும். அதுவும் மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பின் ஒருவர் தளர்ந்துவிட்டால் இழப்பது வினாடிகள் அல்ல, பத்து இருபது நிமிடங்கள். முன்னால் ஓடும் நட்சத்திரம் எவ்வளவு முயன்றாலும் தன் வழக்கமான நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம்தான் மிச்சம் பிடிக்க முடியும். லாபத்துக்கு எல்லை உண்டு, நஷ்டத்துக்கு இல்லை. கிண்ணத்தை நட்சத்திரங்கள் அல்ல, நெருக்கமாக வரும் மூன்று பேர் வெல்வதன் காரணம் இதுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்தால் 2007 ஒசாகா முடிவைப் பாருங்கள். ஆகஸ்டு மாத வெயில், 30 டிகிரியைத் தாண்டிய சூடு. ஆண்கள் மாரத்தானில் கென்யாவின் லூக் கிபெட் வென்றார். ஜப்பானுக்குத் தனிநபர் பதக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களின் ஒகாத்தா, ஒசாக்கி, சுவா மூவரும் 5, 6, 7 என்று ஒட்டி வந்தார்கள். மூவருக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. நாட்டுக் கிண்ணம் ஜப்பானுக்குப் போனது. ஐரோப்பாவில் இன்னும் வேடிக்கையான ஒன்று: 2022 மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனியின் மிரியம் டாட்கே மூன்றாவதாக வந்தவரோடு ஒரே வினாடிக் கணக்கில், 2 மணி 28 நிமிடம் 52-இல், முடித்தும் நான்காவது என்று தீர்ப்பானது, வெண்கலம் கைநழுவியது. ஆனால் அவருக்குப் பின்னால் சக ஜெர்மானியப் பெண்கள் முதல் பத்துக்குள் வந்து சேர, குழுத் தங்கம் ஜெர்மனிக்கு. தனிநபர் பதக்கத்தை ஒரு மயிரிழையில் விட்டவர் கழுத்தில் தங்கத்தோடு நின்றார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது கொடுமை. மூன்று பேர் முடிக்காத நாட்டுக்குக் குழு முடிவே கிடையாது. 2019 தோஹா பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் சூடு 32 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. எத்தியோப்பியாவின் மூன்று பெண்களும் பாதியில் நின்றுவிட்டார்கள். அன்று குழுக் கிண்ணம் இல்லை. இருந்திருந்தால் உலகின் மிக வலுவான நாடுகளில் ஒன்று பட்டியலிலேயே இருந்திருக்காது. பினாங்குப் பாலம் மாரத்தானில் குவீன்ஸ்பே பக்கத்தில் விடியற்காலை 1.30 மணிக்குப் புறப்பட்டு ஓடிய உங்களுக்கு அந்தச் சூட்டை நான் விளக்கத் தேவையில்லை. இருட்டில் ஓடினால் வெயில் இல்லையே தவிர ஈரப்பதம் உச்சத்தில்தான் இருக்கும். வியர்வை வழியுமே ஒழிய உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஒலிம்பிக் விஷயம். பழைய காலத்தில் ஒலிம்பிக்கில் குறுக்கோட்டத்துக்கும் 3000 மீட்டருக்கும் குழுப் போட்டிகள் இருந்தன. 1924 பாரிசோடு அவை முடிந்தன. மாரத்தானுக்குக் குழுப் பதக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர்தான் அங்கே அனுமதி. மூன்று பேரும் முடித்தால்தான் கணக்கு என்றால், எல்லா நாடுகளாலும் மூன்று பேரைத் தகுதிபெறச் செய்ய முடியாது. நம் வட்டாரத்தில் நிலைமை இன்னும் தெளிவு. தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்கு இரண்டு பேர்தான், ஆகவே மூன்று பேர் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017-இல் கோலாலம்பூர் நடத்தியபோது மாரத்தான் புத்ராஜெயாவில் நடந்தது. சிங்கப்பூரின் சோ ருய் யோங்கும் பிலிப்பைன்சின் மேரி ஜாய் தபாலும் வென்றார்கள். இரண்டும் தனிநபர் தங்கம், அவ்வளவுதான்.

உலகக் கிண்ணம் ஏன் நிலைக்கவில்லை? இதில் உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரிக்கிறேன். உறுதியானது: ஒரு முன்னணி மாரத்தான்காரர் ஆண்டுக்கு இரண்டு பந்தயம்தான் முழு வலிமையோடு ஓட முடியும், லண்டன், பெர்லின், சிக்காகோ, நியூயார்க் போன்ற நகர மாரத்தான்கள் வந்து நின்றாலே பணம், வென்றால் இன்னும் பணம் என்று தருகின்றன, நாட்டுச் சட்டை போட்டு ஓடினால் அந்த அளவு கிடைக்காது. என் ஊகம்: தொலைக்காட்சியில் இதைக் காட்டுவது கடினம். பூப்பந்தில் மூன்றாவது ஆட்டக்காரர் ஆடும்போது அரங்கமே அவரைத்தான் பார்க்கிறது. மாரத்தானில் கிண்ணத்தை முடிவு செய்யும் அந்த மூன்றாவது ஆள் பதினெட்டாவது இடத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருப்பார், கேமரா வெற்றியாளரின் கொடியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் காலத்தில் காலில் கட்டிய மின்னணுச் சில்லு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் நேரத்தை அனுப்புகிறது. குழு நிலவரத்தைத் திரையில் ஓடவிடுவது பெரிய காரியமே இல்லை. யாராவது முனைந்தால் இது நன்றாக ஓடக்கூடிய நிகழ்ச்சி என்றே நினைக்கிறேன். 1992-க்குப் பிறகு தாமஸ் கிண்ணம் நம் கைக்கு வராதபோதும் நாம் விடாமல் பார்க்கிறோமே, நாட்டின் பெயர் இருப்பதால்தானே!

கண்ணால் பார்க்கும்படி குழு ஓட்டம் வேண்டும் என்று நினைத்தவர்கள் ஜப்பானியர்கள். எக்கிடென் என்று அவர்கள் சொல்லும் நெடுந்தூர அஞ்சல் ஓட்டம் 1917-இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை மூன்று நாள் ஓடியதில் தொடங்கியது. கையில் குச்சி கிடையாது. தோளில் குறுக்காக மாட்டிய துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அனைத்துலகப் போட்டிகளில் மாரத்தான் தூரத்தையே ஆறாகப் பிரித்தார்கள்: 5, 10, 5, 10, 5, கடைசியாக 7.195 கிலோமீட்டர். சீபா நகரில் 1988-இல் தொடங்கி 2014 வரை நாட்டுக் குழுக்கள் இப்படி மோதின. உலகத் திடல்தட அமைப்பும் இதே பிரிவில் 1992 முதல் 1998 வரை நான்கு முறை உலகச் சாலை அஞ்சல் ஓட்டம் நடத்திப் பார்த்து நிறுத்திவிட்டது. 2005-இல் சீபாவில் கென்யாவின் ஆறு பேர் சேர்ந்து ஓடிய நேரம் 1 மணி 57 நிமிடம் 6 வினாடி. 2023-இல் சிக்காகோவில் கெல்வின் கிப்டம் தனியாளாக முழுத் தூரத்தையும் ஓடிய நேரம் 2 மணி 0 நிமிடம் 35 வினாடி. ஆறு புதுக் கால்களுக்கும் ஒரே மனிதருக்கும் இடையே மூன்றரை நிமிடம்தான். அந்த எண்ணை முதன்முதலில் கழித்துப் பார்த்தபோது தாளை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஆனால் அஞ்சல் ஓட்டத்தைக் குழு மாரத்தான் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே யாரும் 30 கிலோமீட்டர் கடந்த உடம்போடு போராடுவதில்லை. அது வேகக்காரர்களின் விளையாட்டு. உங்கள் நால்வரில் யாராவது அரை மாரத்தானுக்கு மேல் ஓடினால் முழங்கால் வலிக்கிறது என்பவராக இருந்தால் (முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அது என் துறை இல்லை) அஞ்சல் பிரிவு உங்களுக்கு நல்ல வழி. நம் நாட்டிலும் அவ்வப்போது சில ஏற்பாட்டாளர்கள் இப்படி ஒரு பிரிவு வைக்கிறார்கள்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டில் கோலாலம்பூர் வீதியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றதைப் பார்த்த தலைமுறை நாங்கள். நடைக்காரர்கள் குழுப் போட்டியை விடவே இல்லை. 1961-இல் லுகானோவில் தொடங்கிய கிண்ணம் பெயர் மாறி மாறி இன்று உலக நடைக் குழு வெற்றியாளர் போட்டியாக நடக்கிறது. குறுக்கோட்டம் போலவே இடங்களைக் கூட்டிக் கணக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாறி மாறி நடந்து மாரத்தான் தூரத்தை முடிக்கும் கலப்பு அஞ்சல் நடையும் வந்தது. ஸ்பெயினின் அல்வாரோ மார்ட்டின், மரியா பெரெஸ் இணை 2 மணி 50 நிமிடம் 31 வினாடியில் வென்றது. போதாததற்கு 2026-இலிருந்து நடைப் போட்டித் தூரங்களையே அரை மாரத்தான், மாரத்தான் என்று மாற்ற முடிவெடுத்தார்கள். ஆக 42.195 கிலோமீட்டருக்கு உலகக் குழுப் போட்டி நடைக்காரர்களுக்கு இருக்கிறது, ஓட்டக்காரர்களுக்கு இல்லை!

ஓட்டத்தில் இன்று மிச்சம் இருப்பவை இவை. அரை மாரத்தானில் 1992 முதல் உலகக் குழுப் பட்டம் உண்டு, மூன்று பேரின் நேரக் கூட்டல்தான். 2023 ரீகாவில் ஆண்கள் பெண்கள் இரண்டிலும் முதல் மூன்று இடங்களையும் கென்யாவே எடுத்துக்கொண்டதால் அதிகாரிகளுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டிய வேலைகூட இல்லாமல் போனது. ஐரோப்பியர்கள் முழு மாரத்தானிலும் குழுப் பதக்கத்தைத் தொடர்கிறார்கள். 2025 ஏப்ரலில் பிரசெல்ஸ்–லூவெனில் சாலை ஓட்டங்களுக்கென்றே தனி ஐரோப்பியப் போட்டி நடத்தினார்கள். மாரத்தானுக்கும் மேலே போனால் நிலைமை நன்றாகவே இருக்கிறது: 50, 100 கிலோமீட்டர் உலகப் போட்டிகளில் மூன்று பேரின் நேரம், 24 மணி நேர ஓட்டத்தில் மூன்று பேர் கடந்த தூரம் கூட்டப்படும். 50 கிலோமீட்டர் உலகப் போட்டி 2023-இல் ஹைதராபாத்தில் நடந்தது. 2022-இல் பெங்களூருவில் நடந்த ஆசிய ஓசியானிய 24 மணி நேரப் போட்டியில் இந்திய ஆண்கள் குழு தங்கம் வென்றது. ஆசியாவில் இந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மாரத்தானே இப்போதுதான் முடித்த ஒருவரை 24 மணி நேரம் ஓடச் சொல்லவில்லை.

சரி, உங்கள் நால்வருக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாட்டின் திடல்தடச் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நீங்களாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் 35 வயது தாண்டியவர்களுக்கு மூத்தோர் திடல்தடம் என்ற தனி உலகம் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. அங்கே தகுதி நேரம் கிடையாது. நாட்டின் மூத்தோர் சங்கம் வழியாகப் பதிவு செய்தால் போதும், நாட்டுச் சட்டையோடு ஓடலாம். உலக மூத்தோர் போட்டியின் குறுக்கோட்டம், சாலை ஓட்டம் போன்றவற்றில் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து, ஒரே நாட்டின் மூன்று பேரைச் சேர்த்துக் குழுப் பதக்கமும் தருகிறார்கள். ஆசிய மூத்தோர் போட்டி 2019-இல் கூச்சிங்கிலேயே நடந்தது. நீங்கள் 41, உங்கள் நண்பர்கள் 40-க்கும் 44-க்கும் இடையில் இருந்தால் ஒரே வயதுப் பிரிவு. இதைவிடச் சுலபமான அனைத்துலக வழி எனக்குத் தெரிந்து இல்லை. செலவு உங்களுடையது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளூரில் தொடங்குவதாக இருந்தால் நிறுவனக் குழு, நண்பர் குழு என்று சில ஓட்டங்களில் பிரிவுகள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் கணக்கில் வருவார்கள்? ஒருவர் முடிக்காவிட்டால் குழு நீக்கமா, அல்லது நான்காவது ஆளின் நேரம் எடுக்கப்படுமா? கூட்டப்படுவது துப்பாக்கி வெடித்ததிலிருந்து ஓடும் நேரமா, அல்லது நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து சில்லு காட்டும் நேரமா? அனைத்துலக விதிப்படி அதிகாரபூர்வ நேரம் துப்பாக்கி நேரம்தான். ஆனால் பொதுமக்கள் ஓட்டங்களில் பலர் சில்லு நேரத்தைத்தான் எடுக்கிறார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றால் கோட்டைத் தாண்டவே நான்கு நிமிடம் ஆகும். மூன்று பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். நான் பணியில் இருந்த ஓர் ஓட்டத்தில் விதிப் புத்தகம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு குழுக்களும் தாங்கள்தான் முதல் என்று முடிவுக் கூடாரத்தில் வெயில் ஏறும்வரை நின்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

பயிற்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். பெரும்பாலான குழுக்கள் தங்களில் வேகமானவரைச் சுற்றித் திட்டம் போடுகின்றன. நேரக் கூட்டலில் அது வீண். உங்கள் நால்வரில் வேகமானவர் 3 மணி 40-இல் ஓடுபவர் என்றால் அவரை 3 மணி 35-க்குக் கொண்டுவர மாதக்கணக்கில் வியர்வை சிந்த வேண்டும். மூன்றாவது ஆள் 5 மணி நேரம் எடுப்பவர் என்றால், அவர் கடைசிப் பத்துக் கிலோமீட்டரை நடக்காமல் ஓடக் கற்றாலே இருபது நிமிடம் குறையும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை அவருடைய வேகத்தில் நால்வரும் சேர்ந்து ஓடுங்கள். தண்ணீர்மலை அடிவாரத்தில் தொடங்கி ஊருக்குள் சுற்றி வந்தாலும் சரி, கர்னி கடற்கரைச் சாலையில் ஓடினாலும் சரி. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் நோக்கம், வேகம் இல்லை. போட்டி நாளில் முதல் பத்துக் கிலோமீட்டரில் யாரும் அவரை அவசரப்படுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நான்காவது ஆள் அவரோடு சேர்ந்தே ஓடட்டும், இருவரில் ஒருவர் தளர்ந்தாலும் மற்றவர் கணக்கில் வந்துவிடுவார். உலகப் போட்டிகளில் நாட்டுக் குழுக்கள் இப்படிப் பேசி வைத்து ஓடுகின்றனவா என்பது வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் புலப்படாது. ஒசாகாவின் 5, 6, 7 எனக்கு அப்படித்தான் தோன்றியது. பள்ளிக் குறுக்கோட்டத்தில் இது பலித்ததை மட்டும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூத்தோர் சங்கத்தில் சேர அடையாள அட்டை நகலும் ஆண்டுச் சந்தாவும் வேண்டியிருக்கும். நால்வரின் பிறந்த தேதியையும் கடைசி மாரத்தான் நேரத்தையும் இங்கேயே எழுதுங்கள், எந்த வயதுப் பிரிவில் எப்படிக் குழு அமைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.